ஒரே சட்டத்தில் ஐந்து சிவாஜி! ஏ.பி.நாகராஜன் காட்டிய வித்தைகள் தெரியுமா?

எருமப்பட்டிப் பக்கம் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிவிட்டால் ஊருக்குள் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட்டுதான். வேப்ப மரத்து உச்சியில் குழாயைக் கட்டி, வாயைக் கொல்லிமலைப் பக்கம் திருப்பி வைத்த செட்டுக்காரர் என்ன போடுவார்? சாமிப் பாட்டு இரண்டு. அடுத்தது திருவிளையாடல் கதை வசனம்! கோழிப் பண்ணையில் தீவனம் கொட்டுகிறவரும் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுக்கிறவரும் தருமியோடு சேர்ந்தே புலம்புவார்கள், ஒரு வரி பிசகாது. சரி, இந்தப் படத்தை எடுத்தவர் மதுரைக்காரரா? இல்லை. தஞ்சாவூர்க்காரரா? அதுவும் இல்லை. இதே சேலம் சீமைக்காரர். தெரியுமா?

ஏ.பி.நாகராஜன் என்ற பெயரில் முதலில் நிற்கும் 'ஏ' என்பதே ஊர்ப் பெயர்தான். சங்ககிரிப் பக்கத்து அக்கம்மாபேட்டை. 1928ஆம் வருஷம் பிப்ரவரி 24ஆம் தேதி அங்கே பிறந்தவர். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997இல்தானே! அதுவரைக்கும் அக்கம்மாபேட்டையும் எருமப்பட்டியும் ஒரே மாவட்டம்.

இன்னொரு சேதி. அவருடைய சொந்தப் பெயர் நாகராஜனே இல்லை, குப்புசாமி! சின்னப் பையனாக டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே குப்புசாமிகள் இருந்ததால், இவரை நாகராஜன் ஆக்கிவிட்டார்களாம். அந்தக் குழுவில் அவர் பெயர் வாங்கியது எந்த வேஷத்தில் தெரியுமா? பெண் வேஷத்தில்! சேலை கட்டி, கண்ணில் மை தீட்டி, மேடையில் நடந்து நடந்து கற்ற பாடம் அது. பின்னாளில் சாவித்திரிக்கும் பத்மினிக்கும் அவர் வைத்த காட்சிகளில் கண்ணும் கழுத்தும் விரலும் இவ்வளவு பேசுகின்றனவே, காரணம் இதுதான் என்பது என் கட்சி.

'ஏ.பி.என். படமெல்லாம் டிராமாப்பா, கேமராவை நட்டு வைத்துவிட்டு ஆட்களைப் பேச விட்டது' என்று சினிமா தெரிந்தவர்கள் அடிக்கடி சொல்வார்கள். நட்டு வைத்தது உண்மைதான். எங்கே நட்டார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும். கூத்து நடக்கிற இடத்துக்கு எதிரே, தரையில், முதல் வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம் அது. ஆட்டக்காரர் உச்சி முதல் பாதம் வரை தெரிய வேண்டும். அவர் நடந்து வருவதை முழுக்கப் பார்க்க வேண்டும். திருவிளையாடலில் மீனவர் வேஷத்துச் சிவன் கடற்கரையில் ஒரு நடை நடப்பாரே! அதை முகத்தை மட்டும் காட்டி எடுத்திருந்தால் இன்றைக்கு யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அந்த நடைக்காகவே கேமரா பின்வாங்கி வழி விட்டிருக்கிறது.

ஐந்து பேரும் ஒருவரே!

இப்போது அசல் வித்தைக்கு வருவோம். திருவிளையாடல், 1965. விறகு வெட்டியாக வந்த சிவன், பாட்டால் ஊரையே அடக்க வந்த ஹேமநாத பாகவதரைப் பாட்டாலேயே ஓட்டுகிற இடம். 'பாட்டும் நானே பாவமும் நானே' பாட்டு போகப் போக, பாடுகிறவர் சிவாஜி, வீணை வாசிக்கிறவர் சிவாஜி, புல்லாங்குழல் சிவாஜி, மிருதங்கம் சிவாஜி, கொன்னக்கோல் சொல்கிறவரும் சிவாஜி. ஐந்து பேரும் ஒரே திரையில், ஒரே நேரத்தில்! கணினி இல்லை, கிராஃபிக்ஸ் என்ற சொல்லே நம் ஊருக்கு வராத காலம். எப்படி?

அன்றைக்கு இதற்கு இருந்த வழியின் பெயர் மாஸ்க் ஷாட். கேமராவை அசையாமல் இறுக்கிவிடுவார்கள். லென்சுக்கு முன்னால் கறுப்பு அட்டை. அதில் ஒரு பகுதி மட்டும் திறந்திருக்கும். அந்தப் பகுதியில் நடிகர் உட்கார்ந்து வீணை வாசித்து முடித்ததும், அதே ஃபிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னால் சுற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுவருவார்கள். வீணைப் பகுதியை மூடி, பக்கத்துப் பகுதியைத் திறப்பார்கள். நடிகர் வேஷம் மாற்றி வந்து புல்லாங்குழலோடு உட்காருவார். மறுபடி சுற்று, மறுபடி மூடு, மறுபடி திற. ஒவ்வொரு முறையும் பாட்டு அதே இடத்தில் ஆரம்பித்தாக வேண்டும். நடுவில் யாராவது கேமராக் காலில் இடித்துவிட்டால் போச்சு, அதுவரை எடுத்த அத்தனையும் குப்பை! கை கொஞ்சம் நீண்டு கோட்டைத் தாண்டினால் விரல் பாதியில் காணாமல் போய்விடும். வாசிக்கிறவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும், பக்கத்திலோ யாருமே கிடையாது. வெறும் காற்றைப் பார்த்து ரசிக்கிற மாதிரி நடித்தவர் சிவாஜி!

இந்த யோசனைக்கு உலகத்தில் தாத்தாக்கள் உண்டு. பிரான்சு நாட்டு மேஜிக்காரர் ஜார்ஜ் மெலியே 1900ஆம் வருஷமே தன் குறும்படம் ஒன்றில் ஏழு வாத்தியக்காரர்களாகத் தானே உட்கார்ந்து கச்சேரி செய்துவிட்டார். 1921இல் அமெரிக்காவின் பஸ்டர் கீட்டன், ஒரு நாடக அரங்கின் வாத்தியக்காரர்கள், ஆட்டக்காரர்கள், பார்வையாளர்கள் எல்லாமாகவும் தானே வந்தார். ஒரே வரிசையில் ஒன்பது கீட்டன்! அதற்கு அவருடைய கேமராக்காரர் அதே ஃபிலிமை ஒன்பது தடவை ஓட்டினார், அதுவும் கையால் சுழற்றும் கேமராவில். ஆனால் கவனியுங்கள். மெலியேக்கு அது வேடிக்கை. கீட்டனுக்கு அது கிண்டல். நம்ம ஆளுக்கு அது தத்துவம்! பாடுகிறவனும் வாத்தியமும் தாளமும் எல்லாம் அவனே என்று பாட்டு சொல்கிறது, திரை அதைக் கண்ணுக்கு நேராக நிரூபிக்கிறது. வித்தையும் பொருளும் இப்படி ஒன்றாய் உட்கார்ந்த மாஸ்க் ஷாட் தமிழில் வேறு இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

அதே பாட்டில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பாட்டை நிறுத்துகிறார் சிவன். உடனே உலகம் நிற்கிறது! ஓடுவதும் அசைவதும் அப்படியே சிலை. மறுபடி பாட ஆரம்பித்ததும் எல்லாம் ஓடுகின்றன. ஃபிலிமில் இருக்கும் ஒரே ஒரு சட்டத்தைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தால் திரையில் உருவம் உறைந்து நிற்கும். லேப்பில் செய்கிற வேலை, பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இதே உத்தியைச் சோகத்துக்கும் முடிவுரைக்கும் பயன்படுத்தியவர்கள் எத்தனையோ பேர். 'கடவுள் மூச்சை நிறுத்தினால் என்ன ஆகும்' என்று காட்டுவதற்கு இதைப் பிடித்தார் பாருங்கள், அங்கேதான் ஏ.பி.என்.!

கடவுளிடம் குற்றம் கண்டவர் யார்?

அதே படத்தில் நக்கீரர் வருகிறார். சிவனே எழுதிக் கொடுத்த பாட்டில் பிழை இருக்கிறது என்று சபை நடுவே எழுந்து நின்று, நெற்றிக் கண்ணுக்கும் அஞ்சாமல் வாதாடுகிற புலவர். அந்த வேஷத்தைப் போட்டவர் யார் தெரியுமா? இயக்குநரே! ஏ.பி.நாகராஜனேதான். கதை, வசனம் எழுதி, டைரக்ட் செய்து, படம் முழுக்கச் சிவன் பெருமையைப் பாடிவிட்டு, தனக்கென்று எடுத்துக்கொண்ட வேஷம் சிவனை மறுத்துப் பேசுகிறவனுடைய வேஷம். எனக்கு இந்த மனுஷர் மேல் பிரியம் வரக் காரணம் இதுதான்.

அந்தக் காட்சியை அடுத்த முறை சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். வசனம் இல்லாமலே அதன் கட்டுமானம் தெரியும். ஒரு பக்கம் ஒருவர், எதிர்ப் பக்கம் ஒருவர், நடுவில் உயரத்தில் தீர்ப்பு சொல்ல வேண்டிய பாண்டியன், பின்னால் அடுக்கடுக்காகச் சபையோர். ஹேமநாத பாகவதர் சவால் விடுகிற சபையும் இதே அமைப்புதான். தில்லானா மோகனாம்பாளில் நாயனமும் நாட்டியமும் மோதுகிற மேடையும் இதேதான். கல்வியா, செல்வமா, வீரமா என்று மூன்று தேவியர் முட்டிக்கொள்ளும் சரஸ்வதி சபதத்தில் (1966) நடுவில் நிற்பவர் நாரதர். அகத்தியரில் (1972) அகத்தியரும் இராவணனும் பாட்டிலேயே மல்லுக்கு நிற்கிறார்கள். கொலு வைப்பதைப் போலத்தான் அவர் சட்டத்தை அடுக்குவார். யார் எந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்தாலே யார் பெரியவர், யார் இறங்கப் போகிறார் என்று தெரிந்துவிடும். கத்திச் சண்டைக்குச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால், வாய்ச் சண்டைக்கு அக்கம்மாபேட்டை!

அந்த அகத்தியர் படத்து இராவணன் யார் என்பது எருமப்பட்டிக்காரர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆர்.எஸ்.மனோகர். அந்த 'ஆர்' நம்ம ராசிபுரம்! மேடையில் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் இராவணனாகவே வாழ்ந்து, தந்திரக் காட்சிகளால் ஊரையெல்லாம் வாயைப் பிளக்க வைத்த அதே மனோகர்தான்.

தருமியும் வைத்தியும் எங்கிருந்து வந்தார்கள்?

நம் பக்கத்துக் கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருத்தன் வருவான். ராஜா வேஷம் சபைக்குள் வரும் முன்பே வந்துவிடுவான். ராஜாவைக் கேலி செய்வான், சாமியைக் கேலி செய்வான், முன்னால் உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரிய மனுஷனையும் விட மாட்டான். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது அவனுக்கு உள்ள உரிமை. அவனை அப்படியே தூக்கிக்கொண்டு போய் சினிமாவுக்குள் விட்டவர் ஏ.பி.என். திருவிளையாடலில் தருமி, தில்லானாவில் சவடால் வைத்தி, இரண்டும் நாகேஷ். ஜில் ஜில் ரமாமணி, மனோரமா. முத்துராக்கு, டி.எஸ்.பாலையா. பெரியவர்கள் செந்தமிழில் நிமிர்ந்து நிற்கும்போது இவர்கள் தெருத் தமிழில் குனிந்து நெளிந்து உள்ளே வருகிறார்கள். பேச்சு மாறும்போதே உடம்பும் மாறுகிறது. கேமராவும் அதற்கேற்ப இறங்கி வருகிறது.

தருமி வருகிற காட்சி மொத்தத்தையும் நடித்து முடிக்க ஒன்றரை நாள்தான் ஆனது என்று நாகேஷ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோயில் மண்டபத்தில் ஒற்றை ஆளாக நடந்துகொண்டே அவர் முணுமுணுக்கிற இடம் அந்தப் படத்திலேயே வேறு தினுசு. அதுவரை நிமிர்ந்து நின்ற சட்டம் அங்கே ஆளோடு கூடவே அலைகிறது. 'நம்மைவிட இவர் தூக்கலாகப் போய்விட்டாரே' என்று சிவாஜி வெட்டச் சொல்லிவிடுவாரோ என நாகேஷுக்கு உள்ளூரப் பயம். படத்தைப் போட்டுப் பார்த்த சிவாஜி, இதில் ஓர் அடிகூடக் குறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதையும் சொன்னது நாகேஷ்தான்.

கண்ணால் எடுத்த படம்

கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை தில்லானா மோகனாம்பாள். கோபுலுவின் ஓவியங்களோடு வந்து வீடு வீடாகப் படித்த கதை. 1968இல் அதைப் படமாக்கியபோது ஏ.பி.என். முன்னால் ஒரு சிக்கல். ஊருக்கே தெரிந்த முகங்களை எப்படித் திரையில் காட்டுவது? அவர் பிடித்துக்கொண்டது பார்வையை!

படம் தொடங்குவதே ஒரு கோபத்தில். திருவிழாவில் சிக்கல் சண்முகசுந்தரம் நாயனம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை வெடிக்கிறது. வாசிப்பை நிறுத்திவிடுகிறார். கச்சேரிக்கு மரியாதை இல்லாத இடத்தில் கலைஞனுக்கு என்ன வேலை என்று போயே போய்விடுகிறார். அப்படிப்பட்ட ரோஷக்காரர், மோகனாவின் ஆட்டத்தைப் பார்க்க மட்டும் ஒளிந்துகொண்டு வருகிறார்! 'மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன' பாட்டு. பத்மினி மேடையில் ஆடுகிறார், கால் ஒன்றைச் சொல்கிறது, கண் வேறொன்றைத் தேடுகிறது. தூண் மறைவில் சிவாஜி. ஆட்டத்தைத் தான் பார்ப்பது அவளுக்குத் தெரியக் கூடாது, ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் பார்வை இந்தப் பக்கம் திரும்பினால் இவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறார். சபையில் இருக்கும் மற்றவர்களுக்கு அது நாட்டியக் கச்சேரி. இவர்கள் இரண்டு பேருக்கும் அது தனி உரையாடல். நமக்கு மட்டும் இரண்டும் தெரிகிறது. தொடாமல், ஒரு வார்த்தை பேசாமல் எடுத்த காதல் காட்சி அது.

சரி, அந்த நாயனத்தை உண்மையில் வாசித்தது யார்? மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்கள் வாசிக்கும்போது கன்னம் எப்படி உப்புகிறது, கழுத்து நரம்பு எப்போது புடைக்கிறது, மூச்சு எங்கே பிடிபடுகிறது என்று கிட்டத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறார் சிவாஜி. ஒலி முன்பே பதிவாகிவிட்டது, படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு நடிப்பு. ஒரு நொடி பிந்தினாலும் குட்டு வெளிப்படும். வெளிப்பட்டதா? நாயனக்காரர்களே கையெடுத்துக் கும்பிட்ட நடிப்பு அது!

இன்னொன்று கவனித்திருக்கிறீர்களா? கச்சேரிக் காட்சிகளில் வாசிப்பவரைக் காட்டுகிற அளவுக்குக் கேட்கிறவர்களையும் காட்டுவார். தவிலைத் தட்டிக்கொண்டே பாலையா தலையை ஆட்டுவது, பக்கத்து நாயனம் ஏ.வி.எம்.ராஜன் ஓரக்கண்ணால் பார்ப்பது, சபையில் ஒருவர் தொடையில் தாளம் போடுவது. சங்கீதம் தெரியாதவனுக்கும் எந்த இடத்தில் 'ஆஹா' சொல்ல வேண்டும் என்று அந்த முகங்கள் சொல்லிக் கொடுத்துவிடும். டூரிங் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ராகம் எந்த ராகம் என்று தெரிந்திருக்கத் தேவையே இல்லை. அந்த வருஷத் தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குத்தான்.

எண்ணி எண்ணி எடுத்தவர்

எண்ணிக்கை மேல் அவருக்கு என்ன மோகமோ! முதலில் கதை எழுதி நடித்த படம் 'நால்வர்' (1953). சிவாஜியின் நூறாவது படம் 'நவராத்திரி' (1964), ஒன்பது இரவு, ஒன்பது ரசம், ஒன்பது சிவாஜி. கடைசிக் காலத்தில் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்தது 'நவரத்தினம்' (1977), ஆம், ஏ.பி.என். படத்தில் எம்.ஜி.ஆர்! கந்தன் கருணையில் ஆறுபடை வீடு. துண்டு துண்டான கதைகளைக் கோத்து ஒரு மாலை ஆக்குவது அவருக்குக் கைவந்த வேலை. திருவிளையாடலைக் கவனியுங்கள். மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன முருகனுக்குத் தாய் சொல்லும் கதைகளாகத்தான் மற்ற எல்லாமும் வருகின்றன. குழந்தையைச் சமாதானம் செய்ய அம்மா கதை சொல்வது நம் வீட்டில் நடப்பதுதானே. புராணத்துக்குள் நுழைய அவர் வைத்த வாசல் அது!

நவராத்திரியைப் பற்றி எல்லோரும் ஒன்பது வேஷம், ஒன்பது வேஷம் என்பார்கள். எனக்கு அதில் பெரிது சாவித்திரி. ஒன்பது ஆண்களும் வந்து போகிறவர்கள், ஒன்பது ராத்திரியும் தாங்கி நிற்பவள் அந்தப் பெண். அற்புதமும் பயமும் கருணையும் கோபமும் முதலில் தெரிவது அவள் முகத்தில்தான், அதற்குப் பிறகே நாம் சிவாஜியைப் பார்க்கிறோம். அந்தக் கதையில் சிருங்காரத்துக்கு அவர் தேர்ந்த இடம் எது? அரண்மனைத் தோட்டமா, நிலா மாடமா? தெருக்கூத்து! சிவாஜியும் சாவித்திரியும் கூத்துக் கட்டி ஆடுகிற அந்தப் பகுதியில் கறுப்பு வெள்ளையில்கூட ஜிகினா மின்னுகிறது. நகரத்துப் பார்வையாளர்கள் கூத்தை ஏளனமாகப் பார்த்த காலத்தில், நட்சத்திரங்களுக்கே அந்த வேஷத்தைக் கட்டி ஆடவிட்டார். இந்தப் படம் தெலுங்குக்குப் போனபோது நாகேஸ்வர ராவ், இந்திக்கு 1974இல் போனபோது சஞ்சீவ் குமார், இருவரும் ஒன்பது வேஷம் போட்டார்கள்.

சேலத்துக்காரர்களுக்கே வேஷத்தின் மேல் தீராத ஆசை போலிருக்கிறது! தமிழில் இரட்டை வேடத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட பி.யு.சின்னப்பாவின் 'உத்தம புத்திரன்' (1940) மாடர்ன் தியேட்டர்ஸ் படம். எடுத்தவர் டி.ஆர்.சுந்தரம், திருச்செங்கோட்டுக்காரர். பத்துக்கும் மேற்பட்ட வேஷங்களில் எம்.என்.நம்பியார் வந்த 'திகம்பர சாமியார்' (1950) அதே கம்பெனி. நவராத்திரி இந்த வரிசையில்தான் வருகிறது.

இன்னும் கொஞ்சம், மூச்சு விடாமல்! சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதை முதன்முதலில் வாங்கியவர் கே.வி.மகாதேவன், வாங்கிக் கொடுத்த படம் ஏ.பி.என்.னின் 'கந்தன் கருணை' (1967). வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதனைச் சினிமா இசைக்கு அழைத்து வந்தது இவருடைய 'வா ராஜா வா' (1969). 'திருவருட்செல்வ'ரில் அப்பராக வந்த சிவாஜியின் தோற்றத்துக்கு மாதிரி காஞ்சிப் பெரியவர். 'சரஸ்வதி சபத'த்தில் ஊமைக்கு வாய் திறக்கும்போது வரும் பாட்டு, அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்து வரிசையிலேயே வரி வரியாகத் தொடங்கும். பேச்சே வராதவன் அரிச்சுவடியிலிருந்துதானே ஆரம்பிக்க வேண்டும்! சிவாஜி கொங்குத் தமிழ் பேசி அசத்திய 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) இவர் எழுதியது. டி.கே.எஸ். குழுவில் வளர்ந்த இன்னொரு பையனான கமல்ஹாசன் இவருடைய 'குமாஸ்தாவின் மகள்' (1974), 'மேல்நாட்டு மருமகள்' (1975) இரண்டிலும் நடித்திருக்கிறார். முதலாவது, டி.கே.எஸ். மேடையில் ஓடிய பழைய நாடகம்!

எல்லாமே பழுதில்லாமல் வந்தது என்று சொல்ல மாட்டேன். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்' (1973) இவர் எடுத்ததுதான், அரு.ராமநாதனின் நாடகத்திலிருந்து. பெரிய பெருமை. ஆனால் அந்த அகலத் திரை அவர் கண்ணுக்கு ஒத்துவரவில்லை. கொலுப் படியை அடுக்கத் தெரிந்த கைக்கு இரண்டு பக்கமும் நீண்டு கிடந்த காலி இடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் போயிற்று. ஆட்கள் நடுவில் நின்று பேச, ஓரமெல்லாம் தூணும் திரைச்சீலையுமாக நிற்கின்றன. அதைவிட, நட்சத்திரக் கூட்டமில்லாமல் ஒரு பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக் கோயில் கோயிலாகப் போய் எடுத்த 'திருமலை தென்குமரி' (1970) எனக்கு ஆயிரம் மடங்கு உயர்வு. பல பாஷை பேசும் காலனிக்காரர்கள் ஒரே வண்டியில். சண்டை போட்டுக்கொண்டே சாமி கும்பிடப் போகிறார்கள். புராணம் எடுத்தவருக்கு ஊர்க்காரர்களையும் எடுக்கத் தெரியும் என்பதற்குச் சாட்சி அந்தப் படம்.

அந்த 1967!

கடைசியாக ஒன்று. 1967ஆம் வருஷம் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது, அண்ணா முதலமைச்சர் ஆனார். மேடையெல்லாம் பகுத்தறிவுப் பேச்சு. அதே வருஷம் ஏ.பி.நாகராஜன் எத்தனை பக்திப் படம் கொடுத்தார்? இரண்டு! கந்தன் கருணை, திருவருட்செல்வர். முரண்பாடாகத் தெரிகிறதா? எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் இருந்தவர். அவருடைய சாமிகள் தமிழ் பேசுகிற சாமிகள். பாட்டில் பிழை பார்க்கிற ஊருக்கு இறங்கி வந்து பதில் சொல்லியாக வேண்டிய சாமிகள். சிவன் விறகு சுமக்கிறார், மீன் பிடிக்கிறார், புலவரிடம் திட்டு வாங்குகிறார். கடவுளை வானத்திலிருந்து இறக்கித் தெருவில் நிற்கவைத்து எடுத்ததால், கோயிலுக்குப் போகிறவரும் பார்த்தார், போகாதவரும் பார்த்தார்.

1962இல் 'வடிவுக்கு வளைகாப்பு' படத்தில் டைரக்டர் ஆனவர், 1977 ஏப்ரலில் காலமாகிவிட்டார். வயது 49தான். பதினைந்து வருஷத்தில் இருபதுக்கும் மேற்பட்ட படங்கள்.

அடுத்த நோம்பிக்குத் திரை கட்டிப் படம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப் படம்தான் வேண்டும் என்று பையன்கள் கேட்பார்கள், அதையும் போடுங்கள். முதல் நாள் ராத்திரி மட்டும் திருவிளையாடலைப் போட்டு, அந்தப் பாட்டு வரும்போது பிள்ளைகளை முன்வரிசைக்குக் கூப்பிடுங்கள். ஐந்து சிவாஜிக்கும் நடுவே ஒட்டுப் போட்ட கோடு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஒரு பரிசு வையுங்கள்.